எண்ணெயில் ஊறிய கிளச் தட்டு

மாமாங்கப் பிள்ளையார் துணை

உன்னிச்சை
கார்த்திகை, 1998

அன்புள்ள மகன் அருமைநாயகம் அறிவது,

இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி புஸ்பமும் உயிரோடும் ஒரு மாதிரிச் சுகத்தோடும் இருக்கிறோம். அந்த நோர்வேக் குளிரில் நீயும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். உன் கடிதம் வந்து வெகு நாளாயிற்று, பதில் போடவில்லை என்று கோபிக்காதே. என் கையில் கிறீஸ் பிசுக்குப் போகாமல் இருந்தது, கடதாசியைத் தொட மனம் வரவில்லை. அம்மாவுக்கும் கிறீஸுக்கும் என்ன உறவு என்று யோசிப்பாய். அதைத்தான் எழுதப் போகிறேன், எழுதி முடிக்குமுன் நித்திரை வந்தாலும் வரும், உடம்பு அப்படி அலுத்துப் போயிருக்கிறது.

நம்முடைய பழைய பிக்கப் புரட்டாசியில் படுத்துவிட்டது. எஞ்சின் ஓடும், கியர் விழும், வண்டி மட்டும் அசையாது. அப்பா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுக் கிளச் தட்டு தேய்ந்துபோச்சு என்றார். முந்திய காலமென்றால் மட்டக்களப்பில் இருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்திருக்கலாம், இப்போது இந்தச் சண்டைக்குள் வாவிக்கு இந்தப் பக்கம் வரச் சொன்னால் எல்லாருக்கும் அன்றைக்கென்று ஒரு வேலை வந்துவிடுகிறது. அப்பாவால் செய்யவும் முடியாது, ஷெல் துண்டு பட்ட பிறகு அவருடைய வலது கை சோற்றைக்கூடப் பிசையாது என்பது உனக்குத் தெரியும். கிடக்கட்டும் விடுங்கள் என்று நானும் சொல்லியிருப்பேன், ஆனால் புஸ்பத்துக்கு அப்போது ஏழாம் மாதம். போன வருடம் அவளை மாட்டு வண்டிலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது பாதி வழியில் தலைப்பிள்ளை பிறந்து, அழாமலே போனதை உனக்கு எழுதியிருந்தேன். இந்த முறையும் வண்டில்தான் என்றால் பிள்ளையோடு தாயும் போய்விடும் என்று மருத்துவிச்சி என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். மருமகன் கட்டாரில் இருக்கிறார், ஊரில் ஓடுகிற வாகனம் வேறு இல்லை. கடைசியில் அப்பா, நான் வாயால செய்யிறன், நீ கையால செய் கா என்றார். பகிடி என்று நினைத்தேன், பகிடி இல்லை.

இந்த வயதில் அப்பாவின் சாரத்தைக் கட்டிக்கொண்டு வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்தேன் மகன். அவர் ஒரு வாங்கில் இருந்துகொண்டு அந்த நட்டைக் கழற்று, இந்தத் தண்டை இழு என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வரும், அவருக்கு அதைவிடக் கோபம் வரும், புஸ்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கியர்ப்பெட்டி ஒரு மூட்டை நெல்லுக்குக் குறையாத பாரம் போல இருந்தது. அதை இறக்க உமிச் சாக்குகளைக் கீழே அடுக்கி, நட்டுகளைக் கழற்றிவிட்டு, சாக்கைக் கத்தியால் கொஞ்சம் கீறிவிடச் சொன்னார். உமி ஒழுக ஒழுகப் பெட்டி பைய இறங்கி நிலத்தில் குந்தியது. பிறகு அதைத் திரும்ப ஏற்ற, வண்டிக்குள்ளே தரைத் தகட்டைக் கழற்றி, உலக்கையைக் குறுக்கே போட்டுக் கயிறு கட்டி முறுக்கினோம். நெல்லுக் குத்துகிற உலக்கை இதற்கும் உதவும் என்று எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

தட்டு வாங்குவதற்கு ஆரையம்பதியில் இருக்கிற உன் சீதேவிப்பிள்ளை மாமியைத்தான் பிடித்தோம். அவர் மோட்டார்ச் சாமான் விற்கிற ஏறாவூர் முகைதீன்பாவாவிடம் சொல்லி எப்படியோ ஒன்று எடுத்துவிட்டார். வாகனச் சாமான் என்றால் பாலத்தில் ஆமி சோதிக்கிற சென்றியில் விடமாட்டார்கள், ஆகவே மாமி அதை ஒரு தேங்காய் எண்ணெய் ரின்னுக்குள் போட்டு, தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அரிசியைக் குத்திப் பாப்பானுகள், மாவைக் கிளறிப் பாப்பானுகள், எண்ணெய்க்குள்ள எவன் கையை விடுவான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்பா நல்ல கையைத் தலையில் வைத்தார். உரசிப் பிடிக்க வேண்டிய சாமான், அதில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலே வழுக்குமாம், இது குளித்து முழுகி வந்திருக்கிறது. ஆனாலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவரிடம் என்ன சொல்வது. நல்ல வேலை செய்தாய் தங்கச்சி என்று சொல்லி, தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினோம்.

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பூட்டினோம். தட்டு நடுவில் நிற்க வேண்டும் என்று ஒரு பாலைக் கம்பைச் சீவச் சொன்னார் அப்பா, அதைச் செருகிப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துப்போனது. எல்லாம் முடித்துக் குளக்கட்டில் ஏற்றிப் பார்த்தால், எஞ்சின் கத்துகிறது, வண்டி பின்னால் வழுக்குகிறது, வடை சுடுகிற மணம் வருகிறது. புஸ்பம் அன்றைக்குச் சிரிக்கவில்லை. நான் அந்தக் குளக்கட்டிலேயே இருந்து அழுதேன் மகன், உனக்கு மறைப்பானேன். மறுகா கழற்றுவம் என்றார் அப்பா, அதையும் மெதுவாகத்தான் சொன்னார். திரும்பவும் சாக்கு, திரும்பவும் உலக்கை. இந்த முறை நான் அவருடைய சொல்லைக் கேட்கவில்லை. நெல் அவிக்கிற கிடாரத்தில் சாம்பல் தண்ணீரும் சலவைச் சோடாவும் போட்டு, வெள்ளாவி வைக்கிற மாதிரித் தட்டை அவித்தேன். எண்ணெய் மேலே மிதக்க மிதக்க அள்ளி ஊற்றினேன், தெளிந்த தண்ணீர் வருமட்டும் அவித்து, வெயிலில் போட்டு, பிறகு சூடான மணலில் புதைத்து எடுத்தேன். அப்பா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சரி, பூட்டு என்றார். அவருடைய வாயில் அது பெரிய புகழ்ச்சிதான். பூட்டி முற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம், ஓடியது.

மழை பிடித்த பிறகு ஒரு காலையில் புஸ்பத்துக்குப் பிள்ளை நோவு கண்டது. பின்னால் மெத்தை போட்டு அவளையும் மருத்துவிச்சியையும் ஏற்றினோம். அப்பா இடது கையால் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்துக் கிளச்சை மிதிப்பார், கியரை நான் போடுவேன், கை போன நாளில் இருந்து எங்கள் ஓட்டம் அப்படித்தான். போன வருடம் வண்டில் நின்ற அந்த இடம் வந்தது. பள்ளமும் சேறுமான இடம், அப்பா ஒன்றும் சொல்லாமலே நான் கியரைக் குறைத்தேன், கடந்துவிட்டோம். சென்றியில் எல்லாரையும் இறங்கச் சொன்னான் ஒருவன். மற்றவன் எட்டிப் புஸ்பத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். நின்ற இடத்தில் இருந்து பாலத்துக்கு ஏற வேண்டும். அப்பா கிளச்சில் இருந்து காலை எடுக்க எடுக்க நான் கியர்த் தண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கிளச் பிடித்தது மகன்.

பெண் பிள்ளை. பிறந்ததும் வார்டு முழுக்கக் கேட்க அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டபின் நான் சீமெந்துத் தரையில் படுத்தவள் அடுத்த நாள்தான் கண் விழித்தேன். அப்பா வெளியே விறாந்தையில் இருந்து அழுதார் என்று மருத்துவிச்சி சொன்னாள், கை போனபோதும் அழாத மனிதர். இப்போது வண்டி ஓடுகிறது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது, நோயாளியைக் கொண்டு படலையில் வந்து நிற்கிறார்கள், போகாமல் இருக்க முடியுமா. போய் வந்து படுத்தால் இடுப்பு நிமிராது. எங்களை அங்கே கூப்பிடுவதாக எழுதியிருந்தாய், அதை இப்போதைக்கு விடு, யோசிக்கவும் தெம்பில்லை.

வேளைக்குச் சாப்பிடு, வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. பிள்ளையார் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார், உனக்கும் நல்ல காலம் பிறக்கும். ஒன்றை மட்டும் மறக்காதே. புஸ்பத்துக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. போன வருடம் அந்தப் பிள்ளை போனபோது நீ அவளுக்கு எழுதவில்லை, என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டிருப்பாய், அது எனக்கு விளங்கும். அவள் அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் தபால்காரன் வந்தால் இன்னமும் எழும்பிப் போய்ப் பார்க்கிறாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
அன்னப்பூரணி