கறுவலின் வலக்கால்

வட்டுக்கோட்டை
04.02.2025

ஆசை மகள் உதயகலாவுக்கு,

இது நான் எழுதுவது. ஐந்து மாதமாக வாசிகசாலையில் பத்மாசினி ரீச்சரிடம் எழுதப் படிக்கிறேன். உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். எழுபத்துமூன்று வயதில் என் பெயரை நானே எழுதுகிறேன்! 'ழ' மட்டும் இன்னும் என்னோடு கோபம். இந்தப் பக்கத்துக்கு மூன்று நாள் போனது.

ஜேர்மனியில் நீ பழக்கும் கறுவல் குதிரையை விற்கப்போகிறார்கள் என்று போனில் அழுதாய். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. போனில் கதைப்பது காற்றோடு போய்விடுகிறது. எழுதி அனுப்பு. நீ போய்ப் பதினெட்டு வருடம், உன் கையெழுத்தில் ஒரு கடிதமும் இந்த வீட்டுக்கு வந்ததில்லை. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது என்ற சாட்டு இனி இல்லை.

தன் கையால் எழுதும்
உன் அப்பா
சி. முத்துக்குமாரு

---

ஹனோவர்
26.02.2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை லாயத்தில் நின்றபடியே நாலு தரம் வாசித்தேன்.

கறுவலுக்கு நாலு வயது. தாவி ஓடும்போது குதிரை ஒரு முன்னங்காலை முந்தி நீட்டும். வலப்பக்கம் வளைந்தால் வலக்கால் முந்த வேண்டும், இடப்பக்கம் என்றால் இடக்கால். மாறினால் வளைவில் தடுமாறும். கறுவல் எந்தப் பக்கம் திரும்பினாலும் இடக்காலைத்தான் நீட்டுகிறான். மே பத்தாம் திகதி அவனுக்கு முதல் ட்ரெஸாஜ் போட்டி. குதிரையைச் சொன்னபடி அழகாக நடத்திக் காட்டும் போட்டி அது. அங்கே வலக்கால் வராவிட்டால் விற்றுவிடுவேன் என்கிறார் உரிமையாளர். பிழைக்கால் வைத்தால் சவுக்கால் போடு என்றும் சொல்கிறார். நான் போடுவதில்லை. அடித்தால் பயம்தான் வரும், வலக்கால் வராது. மெல்லோட்டத்துக்கு இறக்கி, சின்ன வட்டம் சுற்றி, அவன் உடம்பு வலப்பக்கம் வளையும் நேரம் பார்த்து வலக்காலைத் திரும்பக் கேட்பேன். அவ்வளவுதான்.

என் எழுத்து கோணல். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உதயா

---

வட்டுக்கோட்டை
19.03.2025

ஆசை மகளுக்கு,

நீ எழுதியதை விளங்கிக்கொள்ளப் பிள்ளையார் கோயில் வீதியில் குதிரை மாதிரித் தாவி வலம் வந்தேன். சிரிக்காதே. வலக்காலை முந்தவிட்டால் மூலையில் சுகமாகத் திரும்புகிறேன். இடக்காலை முந்தவிட்டால் வேட்டி காலுக்குள் சிக்குகிறது. ஐயர் வெளியே வந்து, "என்ன முத்தண்ணை, மருந்துக் குளிசை மாறிப் போட்டியளோ?" என்றார். "இல்லை ஐயா, கால் மாறிப் போட்டன்" என்றேன்.

வகுப்பிலும் ஒரு சங்கதி. எனக்குப் பக்கத்தில் இருக்கும் பூரணம் இடக்கையால் எழுதுகிறாள். "சோத்துக்கை இருக்க உதென்ன இடக்கையாலை?" என்று கேட்டுவிட்டேன். "எழுத்து வாற கையாலைதானே எழுதலாம். உங்கடை சோத்துக்கை எழுதின 'ழ'வைக் காட்டுங்கோ, பாப்பம்!" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலாம் வகுப்பில் நீ இடக்கையால் பென்சில் பிடித்தாய். என் சால்வையால் அந்தக் கையை நீ குந்தியிருந்த கதிரையோடு கட்டினேன். ஒரு வருடம் கட்டினேன். எழுதத் தெரியாதவன் எழுதத் தெரிந்த கையைக் கட்டினேன். அது பிழை, மகள். இந்த வரியை வேறு தாளில் ஐந்து தரம் எழுதிப் பார்த்துத்தான் இங்கே வைத்தேன்.

நீ அனுப்பிய கடிதம் எந்தக் கையால் எழுதியது?

அப்பா

---

வட்டுக்கோட்டை
28.04.2025

மகளுக்கு,

கடிதம் வரவில்லை. போனில் நீயும் அதைக் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவசரம் இல்லை. நான் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

கறுவலுக்காகப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்திருக்கிறேன்.

அப்பா

---

ஹனோவர்
14.05.2025

அப்பா,

பத்தாம் திகதி போட்டி நடந்தது. வலப்பக்க வளைவில் முதல் தரம் கறுவல் இடக்காலைத்தான் வைத்தான். எல்லோரும் பார்க்க, மெல்லோட்டத்துக்கு இறக்கித் திரும்பக் கேட்டேன். வலக்கால் வந்தது. வளைவு முடியும்வரை மாற்றவே இல்லை. புள்ளி குறைவு, கடைசிக்கு முந்தின இடம். உரிமையாளர் அவன் கழுத்தில் தட்டி, "சரி, இந்த வருடம் நிற்கட்டும்" என்றார். தேங்காயை உடைத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அது வலக்கையால் எழுதியது. பேனை பிடித்தால் இன்றைக்கும் அந்தச் சால்வைதான் ஞாபகம் வரும். அதனால்தான் இவ்வளவு காலமும் எழுதவில்லை. உங்களுக்கு வாசிக்கத் தெரியாததால் அல்ல. இரண்டு கையும் பழகினதால் கடிவாள வார் என் கையில் சமமாக நிற்கிறது என்று இங்கே மெச்சுவார்கள். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டேன்.

பதில் போட ஏன் இவ்வளவு நாள் என்று யோசித்திருப்பீர்கள். பழகிக்கொண்டிருந்தேன், அப்பா. இந்தப் பக்கம் முழுக்க இடக்கையால் எழுதியது. எனக்கும் மூன்று நாள் போனது.

'ழ' என்னோடும் கோபம்தான்.

உங்கள் மகள்
உதயா