வெட்டிய கை

அன்புத் தோழிக்கு,

நலம். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம் செய்தி ஆசிரியர், நாம் கத்தரி என்று பெயர் வைத்த அண்ணன், சென்ற செவ்வாய்க்கிழமை காலமானார். காலைப் பேப்பரை விரித்து, பிழைகளைப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டே போய்விட்டார். மூன்றாம் பக்கம் வரை வட்டம் இருந்தது. பாக்கிப் பக்கங்களில் பிழை இல்லை என்று நிர்வாகம் நம்புகிறது.

இரங்கல் செய்திகளில் ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று எழுதினால் அவர் என்ன சொல்வார் என்று நினைவிருக்கிறதா? "ஈடுசெய்ய முடியாதுன்னா நாளைக்குப் பேப்பர் வராதாய்யா?" அவருக்கான இரங்கலிலேயே அது மூன்று இடத்தில் வந்திருந்தது. இரண்டை அடித்தேன். மூன்றாவது, நம் முதலாளி எழுதிய வாக்கியம். அது ஈடுசெய்ய முடியாததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் நாற்காலியில் இப்போது நான்தான் உட்காருகிறேன். ஒரு கால் ஆடுகிறது. அவர் இருந்தபோது ஆடியதாக நினைவில்லை. மோசமான செய்தி எழுதியவரை மட்டும் "எழுத்தாளரே, இப்படி வாங்க" என்று கூப்பிடுவாரே, அப்படிக் கூப்பிட எனக்கு வாயே வரவில்லை. பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கேட்டு நீயும் அவரும் நிர்வாகத்துக்கு எழுதிய பதினாறு மனுக்களையும் கோப்பில் பார்த்தேன். உன் நடையைவிட அவர் நடையில்தான் கோபம் அதிகம்.

துக்கத்துக்கு ஒரு நர்ஸ் அம்மா வந்திருந்தார். யாரென்று தெரிகிறதா? தவறான ஊசி போட்டதாகப் புகார் வந்து, நீ செய்தி எழுதினாயே, அவர்தான். அன்று அவர் பணியிலேயே இல்லை என்று விசாரணையில் தெரிந்ததைக் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தாய். அச்சில் அந்தப் பத்தி இல்லை. மறுநாள் அந்த அம்மா பேப்பரோடு வந்து நம் வாசலில் அழுதார். நீ கத்தரியிடம், "வெட்டுற கைக்குக் கண்ணு வேணாமா? நீங்கல்லாம் ஒரு ஆசிரியரா?" என்று கேட்டுவிட்டு, வேலையை விட்டுப் படியிறங்கினாய். பதினோரு வருடம் ஆகிறது.

துக்க வீட்டில் அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "மறுநாளே வீட்டுக்கு வந்தாரு தம்பி. என் தப்புதாம்மா, மன்னிச்சிடுங்கன்னு என் பிள்ளைங்க முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டாரு."

அது அவர் தப்பில்லை. உன் செய்தி அச்சுக்குப் போன அன்று அவர் மூக்குக் கண்ணாடி மாற்றப் போயிருந்தார். அந்த ஒரு மணி நேரம் பக்கத்தை முடிப்பது என் பொறுப்பு. கடைசி நேரத்தில் ஒரு மெத்தை விளம்பரம் வந்தது. இடம் வேண்டும் என்று உன் கடைசிப் பத்தியை வெட்டியது நான். "எதை வெட்டுறியோ அதை முதல்ல படி" என்று அவர் ஆயிரம் முறை சொன்னதுதான். படிக்கவில்லை.

நீ கத்தியபோது நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் ஒரு பார்வை பார்த்தார். நீ போன பிறகு சொன்னார்: "அவ கெட்டிக்காரி, எங்க போனாலும் பொழைச்சுக்குவா. உனக்கு இதை விட்டா வேற என்ன தெரியும்? போய் ரெண்டாம் பக்கத்தைப் பாரு." பாராட்டா, திட்டா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. செய்தி ஆசிரியரின் கவனக்குறைவு என்று திருத்தத்தை அவரே எழுதி, முதல் பக்கத்தில் போட்டார்.

வேலை நிரந்தரமானதும் உனக்கு எழுதலாம் என்றிருந்தேன், ஆனது. பிறகு உன் முகவரி இல்லை என்றேன், கிடைத்தது. அதன்பின் சாக்கு எதுவும் கிடைக்கவில்லை. சாக்கு இல்லாமலேயே காலத்தைக் கடத்தினேன்.

அண்ணி, அதாவது அவர் மனைவி, உன்னை விசாரித்தார். "அந்தப் பொண்ணு இன்னும் கோவமாத்தான் இருக்காளாப்பா? இவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு." தண்ணீர் வேண்டும் என்று சமையலறைப் பக்கம் போய்விட்டேன்.

அண்ணிக்கு இரண்டு வரி எழுது. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. அந்தத் திட்டு பதினோரு வருடமாகத் தவறான முகவரியில் இருக்கிறது. அண்ணி உன் எழுத்துக்காகத்தான் காத்திருக்கிறார். நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் எதிர் மேஜைக்காரன்