சிவப்பு மண்ணில் ஓடிய மாட்டுவண்டி

மார்ச் 8, 1987

பூசை முடிந்து மாதா கோயில் கேண்டீனில் மறுபடியும் சண்டை. தேநீர் ஆறிப்போயிற்று, சவரிராஜ் அண்ணன் ஆறவில்லை. கண்ணிவெடி தேடும் கருவி ஒன்று செய்து, அதன் வரைபடம், புரோகிராம் எல்லாவற்றையும் கேட்பவர்களுக்குச் சும்மா கொடுப்பது என்றுதான் அவரும் யூசுப்பும் நானும் ஆரம்பித்தோம். இப்போது புரோகிராமை அவர் ஆபீஸ் வாங்கிய கம்பைலர் என்ற மென்பொருளில்தான் எழுத வேண்டுமாம். கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு சாவிக்கட்டையைச் செருகினால்தான் அது வேலை செய்யும். நான் ஃபோர்த் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதலாம் என்கிறேன்.

"அது பறக்கும், மதலேனா. உன் ஃபோர்த் மாட்டுவண்டி."

"சாவி உங்க ஆபீஸ்ல இருக்கு. வெடி தாய்லாந்து எல்லையில இருக்கு. அங்க உள்ளவங்க எதை வச்சு மாத்துவாங்க அண்ணே?"

"எதுக்கு மாத்தணும்? நாமதான் சரியா செஞ்சு அனுப்புறோம்லா."

சாலிடர் வேலை பார்க்கும் யூசுப் இரண்டு பேருக்கும் தலையாட்டினான். பெரிய உதவி.

என் தங்கை உர்சுலா அந்த எல்லையில், அகதி முகாமில் நர்ஸ். தினமும் கிணற்றுப் பாதை வழியாகத்தான் மருந்துக் கொட்டகைக்குப் போகிறாள். போன மாதம் அதே பாதையில் தண்ணீருக்குப் போன ஒரு பெண்ணுக்குக் கால் போய்விட்டது.

மார்ச் 11

ஃபோர்த்தைச் செய்தவர்களே அதைப் பொதுவில் விட்டுவிட்டார்கள். யாரும் நகல் எடுக்கலாம், திருத்தலாம். கருவியோடு ஒரு பழைய கம்ப்யூட்டரை இணைத்தால் அங்கேயே மாற்றி எழுதலாம். ஆனால் வேகம் குறைவு, அதில் அண்ணன் சொல்வது சரிதான். சத்தம் தாமதமாக வந்து, அதற்குள் ஒருவன் காலை எடுத்து வைத்துவிட்டால்? என் பிடிவாதத்துக்கு யார் கால்?

மார்ச் 22

வேகம் தேவைப்படும் ஒரு துண்டை மட்டும் ஃபோர்த்துக்குள்ளேயே, கருவிக்கு நேராகப் புரியும் மெஷின் கோடில் எழுதினேன். ஆணியைக் காட்டிய கணமே கருவி கத்தியது. அண்ணன் "ம்" என்றார். அவர் வாயில் அது பாராட்டு. ஃபோர்த் என்றே முடிவாயிற்று.

மே 17

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை மணலில் ஆணி, சோடா மூடி, ஹேர்பின் எல்லாம் புதைத்துத் தேடினோம். ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு காத்தோங் கடையில் லக்சா நூடுல்ஸ். அண்ணன் என் கிண்ணத்திலும் இறால் போட்டார்.

ஜூன் 28

கருவியும் புரோகிராம் அச்சிட்ட தாள்களும் முகாமுக்குப் போகும் ஃபாதரோடு கிளம்பின.

ஜூலை 14

உர்சுலா டவுனுக்கு வந்து போன் பண்ணினாள். "அக்கா, எங்க வச்சாலும் கத்துது. மண்ணைக் கண்டாலே கத்துது. மூலையில போட்டுட்டாங்க."

அங்கே சிவப்பு மண், இரும்பு கலந்தது. நாங்கள் எங்கே சோதித்தோம்? கடலைத் தூர்த்துக் கொட்டிய மணலில். குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி பிளாட்டிலேயே வளர்ந்த எனக்கும் மண் என்றால் அதுதான். அங்கே மண் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்க மூன்று பேருக்குமே தோன்றவில்லையே! வெட்கமாக இருக்கிறது. பயமாகவும்.

ஜூலை 15

இன்றைக்கும் அந்தப் பாதையில்தான் நடந்திருப்பாள்.

ஜூலை 26

மறுபடியும் போன். உர்சுலாதான்.

முகாமில் சொக் என்று ஒருவர், போருக்கு முன் பொறியியல் கல்லூரியில் வாத்தியாராம். எங்கள் தாள்களைப் படித்துப் பார்த்து, முகாமின் பழைய கம்ப்யூட்டரை இணைத்து, மண்ணால் வரும் சத்தத்தை முதலில் அளந்து கழித்துவிட ஒரு புரோகிராம் துண்டு அவரே எழுதிச் சேர்த்துவிட்டார். "இப்ப ஆணிக்கு மட்டும்தான் கத்துதுக்கா. இவங்க புதைச்ச எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடுச்சு."

போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"என் பேச்சைக் கேட்டிருந்தா அது மூலையிலயே கிடந்திருக்கும்லா..."

"மாட்டுவண்டி போய்ச் சேர்ந்திருச்சு அண்ணே. அவ்வளவுதான்."

செப்டம்பர் 20

கிணற்றுப் பாதையில் நான்கு வெடி எடுத்திருக்கிறார்கள். ஒன்று மருந்துக் கொட்டகையின் படிக்குப் பக்கத்தில். கடவுளே.

டிசம்பர் 23

உர்சுலா கிறிஸ்துமஸுக்கு வந்துவிட்டாள். கறுத்துப் போயிருக்கிறாள், வாய் மட்டும் குறையவில்லை. சொக் எழுதிய புரோகிராம் துண்டின் தாளைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். இனி நகல் கேட்பவர்களுக்கு அதுவும் சேர்ந்தே போகும்.

கதவோரம் கழற்றிப் போட்ட அவள் செருப்பு இரண்டிலும் சிவப்பு மண் அப்பியிருந்தது. கழுவ எடுத்துப் போனாள். அவளைப் பார்க்க வந்திருந்த சவரிராஜ் அண்ணன் ஓடி வந்து வாங்கிக்கொண்டார்.

"கழுவாதேம்மா. இனிமே சோதிச்சுப் பார்க்க இந்த மண்ணுதான் எங்களுக்கு வேணும்."

தரையில் உட்கார்ந்து ஸ்பூனால் சுரண்டி மைலோ டின்னில் சேர்த்தார். நான் டின்னைப் பிடித்துக்கொண்டேன். உர்சுலா வெறுங்காலோடு எங்கள் எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.