கேட்காமல் விட்ட சத்தியம்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
9-11-1971

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை தையல்நாயகி எழுதிக்கொண்டது.

அண்ணிக்கும் உங்களுக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். தீபாவளிக்கு வருவீர்கள் என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று.

ஆவணியில் தெருமுனையில் சாராயக்கடை திறந்தார்கள். அதற்கு முன்பும் இவர் கோபக்காரர்தான். இப்போது தினமும் குடித்துவிட்டு வருகிறார். சேலைக் கரைக்கு இழை ஓட்டும் கரை நாடாவைப் போட நான்தான் தறியில் இவர் பக்கத்தில் உட்கார வேண்டும். கை நீட்டினால் எட்டுகிற தூரம். போன வாரம் நெற்றியில் நாலு தையல். தறிக்கட்டை இடித்ததாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

பொங்கல் வரைக்குமாவது என்னை அங்கே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. ஒரு வேளை சோறு போதும்.

தையல்நாயகி

ஆரணி
18-11-1971

அன்புத் தங்கைக்கு அண்ணன் கலியாணசுந்தரத்தின் ஆசிகள்.

கடிதம் கண்டு மனம் கலங்கினேன். குமாரவேல் மாப்பிள்ளை தங்கமான மனிதர். எல்லாம் அந்தப் பாழும் சாராயம் செய்கிற வேலை. நீ இப்போது கிளம்பி வந்தால் ஊர் ஒன்றுக்கு இரண்டாகப் பேசும். தைக் கிருத்திகைக்கு நான் வருகிறேன். குமரக்கோட்டத்து முருகன் சன்னதியில் வைத்துக் கற்பூரம் அடித்து அவரிடம் சத்தியம் வாங்குகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

கலியாணசுந்தரம்

பிள்ளையார்பாளையம்
3-3-1972

அன்புள்ள அண்ணனுக்கு,

கையெழுத்து வேறாக இருப்பதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். நான் சொல்ல, எதிர்வீட்டு வடிவாம்பாள் எழுதுகிறாள்.

அவர் சத்தியத்தை மீறவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாகக் கடைப் பக்கமே போகவில்லை. தெருவே உங்களைப் புகழ்கிறது. செவ்வாய்க்கிழமை காலை கரையில் ஒரு இழையை விட்டுவிட்டேன். "கண்ண எங்கடி வச்சிக்கினு இருக்கற" என்று கேட்டார். வாயில் சாராய நாற்றம் இல்லை. என் வலது மணிக்கட்டைப் பிடித்து நிதானமாக முறுக்கினார். எலும்பு முறிந்துவிட்டது. முன்பெல்லாம் மறுநாள், போதையில் தெரியாமல் செய்தேன் என்று அழுவார். இந்தத் தடவை அழவில்லை. "இனிமே கரை நாடா யாரு போடறது" என்றுதான் கேட்டார்.

படுத்தபடியே யோசித்தேன். குடித்த நாளிலும் அவர் தெருவில் ஒருவரையும் அடித்ததில்லை. முதலாளி எதிரில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகத்தான் நின்றார். வீட்டுக்குள் வந்த பிறகுதான் கை நீண்டது. குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினீர்கள். அடிக்க மாட்டேன் என்று வாங்கவில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இனிமேல் பழி போடச் சாராயமும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. இந்தக் கை கூடுவதற்குள் என்னை இங்கிருந்து அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். பதிலை வடிவாம்பாள் பேருக்குப் போடுங்கள்.

தையல்நாயகி

ஆரணி
7-3-1972

அன்புள்ள தையல்,

உன் கடிதத்தை உன் அண்ணி காந்தாதான் முதலில் படித்தாள். உங்களுக்கும் தோன்றவில்லை என்று நீ சொல்லியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "உங்களுக்கு எப்படிங்க தோணும்" என்று கேட்டாள்.

நான் ஒரு சொட்டுக் குடித்தவன் இல்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம் அவளைக் கன்னத்தோடு சேர்த்துக் காதில் அடித்தேன். அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் இன்றைக்கும் அவளுக்குக் கேட்காது. பிறவியிலேயே காது மந்தம் என்று உன்னிடமே சொல்லியிருக்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம். அதுவரை வடிவாம்பாள் வீட்டில் போய் இரு. காந்தாவும் கூட வருகிறாள். நான் மட்டும் வந்தால், மாப்பிள்ளையிடம் சமாதானம் பேசி உன்னை மறுபடியும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவேனாம். அவள் சொல்வது சரிதான்.

கலியாணசுந்தரம்