இருநூறில் கேட்ட பெயர்

வெள்ளிக்கிழமை, இஷா தொழுத பிறகு.

இன்று வீட்டில் இருந்தவர்கள்: மகன் சலீம், மருமகள் நசீமா, காக்கநாட்டில் வேலை பார்க்கும் பேத்தி ரிசானா, நான்.

பழைய கம்ப்யூட்டரில் சலீமின் சுன்னத்துக் கல்யாண வீடியோவைப் போட்டார்கள். எப்போதும்போலக் கரகரத்தது. அந்தக் கரகரப்புக்குள், மவுத்தாகிப்போன என் வீட்டுக்காரர் "மைமூ, சாயா" என்பார். உயிரோடு இருந்தவரை எனக்கு "ஏய்", "இந்தா"தான். அவர் வாயால் என் பேரைக் கேட்டது அந்த ஓர் இடத்தில் மட்டும். அதற்காகவே திரும்பத் திரும்பப் போடச் சொல்வேன்.

"என்ன நன்னிம்மா, பிளேயர்ல சவுண்ட இருநூறுக்கு ஏத்தி வச்சா கரகரன்னு பொட்டித்தானே கேக்கும்?" என்று ரிசானா அதை நூறுக்கு இறக்கினாள். என் காதுக்காகச் சலீம் ஏற்றி வைத்தது அது. சத்தம் தெளிந்தது.

"மாமீ, சாயா."

என் அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

"மாமியாரையே சாயா போட வச்சிருக்காரே, நல்ல மருமகன்தான்!" என்று நசீமா சிரித்தாள். அவளுக்கு விவரம் தெரியாது, போகட்டும். ரிசானா நல்லதுக்குத்தான் செய்தாள்.

புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். இன்றுவரை சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். நான் மன்னிக்கமாட்டேன், அப்துல் ஹமீதை.