சின்னவளின் முழங்கால் ஜவ்வு

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று சொல்லிவிடுகிறாய், ஆகவே வரிசை போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

1. உன் தங்கை அடுத்த வாரம் அணித் தேர்வில் பந்தாடக் கூடாது.
2. காலுக்கு முழு ஓய்வுதான் மருந்து.
3. இரண்டையும் நீதான் அவளிடம் சொல்ல வேண்டும்.

முதலாவது. அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அறுந்த ஜவ்வுக்குப் பதிலாகத் தொடையின் பின்புறத்துத் தசைநாணை எடுத்து, எலும்பில் துளையிட்டுக் கோத்திருக்கிறார்கள். அதற்குள் புது ரத்தம் பாய்ந்து அது ஜவ்வாக மாற ஒரு வருஷமாவது பிடிக்கும், நடுவில் சில மாதம், வைத்த அன்று இருந்ததைவிட வலுக்குறைந்து கிடக்கும் என்று டாக்டரே சொன்னார். ஓடி வந்து சட்டென்று திரும்பினால் கீழெலும்பு முன்னால் நழுவப் பார்க்கும், அந்த இழுப்பெல்லாம் அந்த நாணின் மேல்தான். மறுபடி அறுந்தால் அவள் ஆட்டம் அதோடு போச்சு. வலியே இல்லை என்கிறாள், வலி இல்லாதது வலுவுக்கு அத்தாட்சியா? படித்துப் படித்துச் சொன்னேன். லிஃப்ட் கயிறு பாத்து ரிட்டையர் ஆனவருப்பா நீங்க, என் முட்டி என்ன எட்டாவது மாடிக்கா போகுது என்கிறாள். அம்மா வேறு சிரிக்கிறாள். கடைசியில், அண்ணனே ஆடச் சொல்லிட்டான் என்று வாயை அடைத்துவிடுகிறாள். எதை வைத்தப்பா அப்படிச் சொன்னாய்?

இரண்டாவது. சோதிக்காத கயிற்றில் நான் பாரம் ஏற்றவிட்டதில்லை. அதனால் பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளையும் நிறுத்தச் சொன்னேன், மாடிப்படி ஏறாதே என்றேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஓய்வால் கால் தேறியிருப்பதை உனக்குக் கணக்கோடு காட்டலாம் என்று, எழுதுவதை நிறுத்திவிட்டு, இப்போதுதான் அம்மாவை விட்டு அவள் இரண்டு தொடையையும் டேப்பால் அளக்கச் சொன்னேன். அறுவை செய்த கால், போன மாதம் பிசியோதெரபிஸ்ட் அளந்து எழுதியதைவிட மெலிந்திருக்கிறது. முட்டியைத் தாங்கிப் பிடிப்பதே அந்தத் தசைதானே. சும்மா கிடந்த கயிறு இளைத்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது. எனக்குக் குரலை உயர்த்த வராது, உனக்கே தெரியும். நீ சொன்னால் கேட்பாள்.

வேளைக்குச் சாப்பிடு, நல்லபடியாக இரு, என் ஆசி எப்போதும் உண்டு. தேர்வுக்கு முன் அவளைக் கூப்பிட மறக்காதே. முதலாவதை மட்டும் சொல். இரண்டாவது தவறு, அதை நானே அவளிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா