இன்னும் கொஞ்சம் பளிச்சென்று

பிப்ரவரி 6

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் பெட்டி நேற்று பத்திரமாக வந்து சேர்ந்தது. பார்சல்காரர் மூன்று தடவை மணி அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற நேரத்தில், மேல்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த உன் அண்ணிதான் கத்திக் கூப்பிட்டிருக்கிறாள். நானோ கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மணிக்கு என்ன கேடோ தெரியவில்லை, பிரித்துப் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளையின் கைக்குத் தங்கக் காப்பே போடலாம். மூலையில் ஒரு ஆணி இல்லை, மரத்தோடு மரம் பல் கோத்துக்கொண்டு நிற்கிறது. பின்பலகையைக் கழற்றி உன் வேலையையும் பார்த்தேன். துணி சுற்றிய வயர்களை என்ன ஒழுங்காக வகிடெடுத்து வாரி வைத்திருக்கிறாய்! அறுபது வருடத்துக்கு முந்தைய சர்க்யூட்டைப் பார்த்து என் தங்கை புதிதாகக் கட்டிய ஆம்ப்ளிஃபயர் என்றால் எங்கள் டிரம்மர் நம்ப மாட்டேன் என்கிறார். "பழசையே எங்கியோ தேடிப் பிடிச்சு பாலிஷ் போட்டு வச்சிருக்கீங்க, எங்கிட்டயேவா?" என்கிறார்.

கிட்டாரை மாட்டி வாசித்ததில் ஒரே ஒரு குறை. கீழ்க் கம்பிகள் அருமை. மேல் கம்பிகள்தான் ஜலதோஷம் பிடித்தவன் பேசுவதுபோல இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் பளிச்சென்று வேண்டும். உனக்குத் தெரியாததா, இருபத்தெட்டு வருடமாகப் பாடகர்களின் முதுகைப் பார்த்தே கிட்டார் வாசித்தவன் நான். அக்டோபரில் முதல் தடவையாக என் பெயரில் ஒரு ரெக்கார்டிங். அதில் கேட்கிற சத்தம் உன் பெட்டியின் சத்தமாக இருக்க வேண்டும். அதனால் திருப்பி அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

போன் மட்டும் செய்யாதே. லைனை என்ன செய்து தொலைத்தார்களோ, நீ பேசுவதெல்லாம் கொழகொழவென்று விழுகிறது. எழுது.

அண்ணன்

மார்ச் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெட்டிக்குள்ளேயே, ஸ்பீக்கருக்குப் பின்னால் இந்தக் கடிதத்தைச் செருகியிருக்கிறேன். எடுக்காமல் சுவிட்சைப் போட்டுவிடாதே. கண்ணாடி வால்வுகள் சூடேறினால் என் கையெழுத்து கருகிப் போகும்.

எனக்கு முதலிலேயே பளிச்சென்றுதான் இருந்தது. உன் மாப்பிள்ளைகூட, "கண்ணாடி மாதிரி இருக்கே, இதுக்கு மேல என்ன வேணுமாம் உங்க அண்ணனுக்கு?" என்றார். ஆனால் எட்டு வயதில் அடுத்த அறையிலிருந்தே, "ரேடியோ முள்ளு ஒரு மயிரிழை தள்ளியிருக்குப்பா" என்று அப்பாவுக்குச் சொன்னவன் நீ. உன் காது சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

வால்யூம் குமிழின் மேல் மிளகளவு கப்பாசிட்டர் ஒன்றைச் சால்டர் வைத்திருக்கிறேன். மேல் ஸ்வரங்களுக்கு மட்டும் அது தாராளமாக வழிவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நானூறு வோல்ட் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும், அதை வடித்துவிட்டு, ஷாக் நெஞ்சு வழியே பாயாமலிருக்க ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மறு கையால்தான் வேலை செய்கிறேன். உன் மாப்பிள்ளை அப்போது பார்த்துத்தான் டீயோடு வந்து பக்கத்தில் நிற்பார். தள்ளி நில்லுங்கள் என்று கத்திக் கத்தித் தொண்டை போகிறது.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

சுண்டெலி

ஏப்ரல் 14

அன்புள்ள சுண்டெலிக்கு,

தேறியிருக்கிறது. ஆனால் போதாது. பெரிய மனது பண்ணி இன்னொரு தடவை பார். பெட்டியை இன்று காலை அனுப்பிவிட்டேன்.

எங்கள் பேஸ் கிட்டார்காரர் ஒத்திகைக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வருகிறார். "அண்ணே, ஊசி குத்துற மாதிரி இருக்குண்ணே" என்று ஒரு நடிப்பு வேறு. முப்பது வருடமாகத் தும் தும் என்று ஒரே இடத்தில் தட்டுகிறவருக்கு மேல் கம்பியைப் பற்றி என்ன தெரியும்? விடு.

உன் அண்ணியைப் பற்றித்தான் கவலை. வர வர வாய்க்குள்ளேயே பேசுகிறாள். நான் "என்ன, என்ன?" என்று இரண்டு தடவை கேட்டால், "ஒண்ணுமில்ல விடுங்க" என்று எழுந்து போய்விடுகிறாள். அவளுக்கு என் மேல் ஏதோ மனத்தாங்கல். உன்னிடம் ஏதாவது சொன்னாளா?

அண்ணன்

மே 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவசரமாக நாலு வரி. பழைய கப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதாக ஒன்று. பாதி வேலையில் உன் மாப்பிள்ளையின் பலகை லாரி வந்து நின்றது. இறக்கி அடுக்கிவிட்டு வந்து பின்பலகையைத் திருகி முடிக்கவும் பார்சல்காரர் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. எப்போதும் ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கேட்டுத்தான் அனுப்புவேன், இந்தத் தடவை முடியவில்லை. இதற்கு மேலும் பளிச்சென்று வேண்டுமென்றால் பெட்டிக்குச் சீரியல் பல்புத் தோரணம்தான் கட்ட வேண்டும்.

அண்ணி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீயே அவளோடு உட்கார்ந்து பேசேன்.

சுண்டெலி

மே 15

என் செல்லச் சுண்டெலிக்கு,

இதுதான்! இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்! மேல் ஸ்வரங்களை ஏற்றுகிற ட்ரெபிள் குமிழைப் பத்தில் வைத்து மேல் கம்பியை ஒரு தட்டுத் தட்டினேன், மூக்குச் சளியெல்லாம் போய்ச் சுத்தமாக வந்து விழுந்தது. அந்தப் பெரிய கப்பாசிட்டருக்கு மாலை போடு. இனி இதில் ஒரு திருகைக்கூடத் தொடக்கூடாது, அக்டோபர் வரை இப்படியே இருக்கட்டும். எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதத் தெரியவில்லை. நீ என் தங்கையாகப் பிறந்ததற்கு அம்மாவுக்கு நன்றி சொன்னேன்.

அண்ணன்

ஜூன் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். வளைத்துச் சொன்னால் உனக்குப் பிடிக்காது, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று மேஜையைத் துடைத்தேன். பலகைத் தூசிக்கு அடியில் இரண்டு கப்பாசிட்டர்கள் கிடந்தன. ஒன்று உன் பெட்டியிலிருந்து கழற்றிய பழையது. இன்னொன்று நான் வைக்க வேண்டிய பெரியது. லாரி வந்த அமளியில், கழற்றினேனே தவிர, புதியதை வைக்கவே இல்லை. அண்ணா, உன்னிடம் இப்போது இருக்கும் பெட்டி பிப்ரவரியில் முதன்முதலாக வந்த அதே பெட்டி. ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்றாயே, அதேதான்.

புதிதாக ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று நம்பிக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நானே ஏமாந்திருக்கிறேன். அது மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். மணி அடித்தது கேட்கவில்லை. போனில் என் குரல் கொழகொழவென்கிறது. அண்ணி வாய்க்குள் பேசுகிறாள். பேஸ்காரர் காதில் பஞ்சு. ட்ரெபிள் பத்தில். அந்தக் குமிழை ஆறுக்கு மேல் திருப்பினால் நான் அறையை விட்டே வெளியே போய்விடுவேன், அண்ணா.

தப்பு என்னுடையது. பெட்டியில் குறை ஒன்றுமில்லை என்று எனக்கு முதலிலேயே தெரியும். நீ சொன்னாய் என்பதற்காக என் காதைச் சந்தேகப்பட்டேனே தவிர, உன் காதைப் பற்றி நினைக்கக்கூட மனசு வரவில்லை. தயவுசெய்து ஒரு காது டாக்டரைப் பார். அந்த ரெக்கார்டிங் நல்லபடியாக வர வேண்டும் என்பதைவிட, அடுத்த வருடமும் நீ வாசிக்க வேண்டும் என்பது எனக்கு முக்கியம்.

உன் சுண்டெலி

ஜூன் 12

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நீ ஒரு கப்பாசிட்டரை மறந்ததற்கு என் காது பலியா? இந்தக் காதை வைத்துத்தான் இருபத்தெட்டு வருடமாக என் குடும்பம் சாப்பிடுகிறது. பெட்டி என்னிடமே இருக்கட்டும், இனி நீ அதில் கை வைக்க வேண்டாம். இதைப் பற்றி மேற்கொண்டு எழுதவும் வேண்டாம்.

ஜூலை 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம்.

எழுத வேண்டாம் என்றாய், அதனால் அதைப் பற்றி எழுதவில்லை. என் வேலையைப் பற்றி எழுதுகிறேன். சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். ஐந்தே வாட். உன்னிடம் இருக்கிற பெரியதை, வால்வு திணறும் வரை சத்தமாக வைத்தால்தான் அந்தக் கனிந்த கரகரப்பு வரும். இது அப்படியில்லை. நாம் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற சத்தத்திலேயே வால்வு கனிந்துவிடும். பக்கத்து அறையில் குழந்தை தூங்கலாம். உன் மாப்பிள்ளை இதற்கென்று ஒரு நல்ல பலகையை ஒதுக்கி வைத்திருந்தார்.

யாருக்காக என்று இன்னும் சீட்டு ஒட்டவில்லை.

தங்கை

ஆகஸ்ட் 30

அன்புள்ள சுண்டெலிக்கு,

ஒரு மாதமாக உன் மேல் கோபமாக இருப்பதையே ஒரு வேலையாக வைத்திருந்தேன். பிறகு உன் வாயை அடைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். உன் அண்ணியைக் கூப்பிட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நிறுத்தினேன். "நான் திரும்பி உட்கார்ந்து மேல் கம்பியை வாசிக்கிறேன். நீ அஞ்சுலேருந்து மெதுவா ட்ரெபிளை ஏத்து. எப்ப மாறுதுன்னு நான் சொல்றேன்" என்றேன். வாசித்தேன். ஒன்றும் மாறவில்லை. "ம், ஏத்து" என்றேன். பதில் இல்லை. மறுபடி, "ஏத்தேம்மா" என்றேன். திரும்பிப் பார்த்தால், குமிழ் பத்தில் இருக்கிறது. ஒரு கையால் தன் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"எப்பவோ ஏத்திட்டேங்க" என்றாள். அது எனக்குக் கேட்டது, ஏனென்றால் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காது டாக்டரிடம் போனேன். எனக்குக் கேட்பதையெல்லாம் ஒரு கோடாகப் போட்டுக் காட்டினார். மேல் ஸ்வரங்களுக்குப் போகப் போக அது படியிலிருந்து உருண்டாற்போல விழுகிறது. "ரொம்ப வருஷம் சத்தத்துக்குப் பக்கத்துல நின்னுருக்கீங்க. போனது போனதுதான் சார். இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்" என்றார். காதில் வைக்கிற மெஷின் ஒன்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார். பேசுவதற்கு அது உதவும், பாட்டுக்கு அதை நம்ப வேண்டாம் என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் சொல்ல வெட்கமில்லை.

உன் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒருநாளும் வாய்க்குள் பேசியதில்லையாம்.

அந்தச் சின்னப் பெட்டியை எனக்கு அனுப்பு. ட்ரெபிள் குமிழே வேண்டாம், எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. உன் காதுக்கு எந்த இடம் சரியோ அந்த இடத்திலேயே வைத்துச் சால்டர் போட்டுவிடு. அப்பீல் கிடையாது.

அண்ணன்

நவம்பர் 9

அன்புள்ள சுண்டெலிக்கு,

ரெக்கார்டிங் முடிந்தது. நாலு பாட்டு, மூன்று நாள். ஒலிப்பதிவுக்காரர் உன் சின்னப் பெட்டியைப் பார்த்து, "என்ன சார், டிபன் பாக்ஸ் கொண்டு வந்திருக்கீங்க?" என்று சிரித்தார். முதல் பாட்டு முடிந்ததும் அதே ஆள் எழுந்து வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். டிரம்மர் அதன் சத்தத்தை அமுக்கிவிடாமல் துடைப்பம் மாதிரிக் குச்சியை வைத்து மெதுவாகத் தட்டினார். பேஸ்காரர் பஞ்சில்லாமல் வந்தார்.

எல்லோரும் நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள். அவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படித்தான் சொல்வார்கள். எனக்குக் கேட்பது பாதிதான். விரல் எங்கே போகிறது என்று தெரிகிறது, மிச்சத்தை ஞாபகத்திலிருந்து நானே போட்டுக்கொள்கிறேன்.

இத்துடன் ஒரு சிடி வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு, மேல் கம்பி எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது. ஆறுதலுக்காக எழுதாதே. என்ன கேட்கிறதோ அதை எழுது.

அண்ணன்

நவம்பர் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் மாப்பிள்ளையை ரம்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஜன்னலையும் சாத்திவிட்டு மூன்று தடவை கேட்டேன். அவரும் கூடவே நின்றார், டீ இல்லாமல்.

மேல் கம்பி சுத்தமாக இருக்கிறது. குத்தவில்லை. நகம் கம்பியைத் தொடுகிற சின்னச் சத்தம் முதலில் வந்து, அதற்குள்ளிருந்து ஸ்வரம் விரிகிறது. இரண்டாவது பாட்டில் கம்பியை இழுத்துப் பிடித்திருக்கிறாயே, அங்கே வால்வு கனிந்து லேசாகக் கரகரக்கிறது, அழுது முடித்தவர்கள் பேச ஆரம்பிக்கிற குரல் மாதிரி. மூன்றாவதில் ஒரு இடத்தில் விரல் தடுக்கியிருக்கிறது. ஆறுதலுக்கு எழுதாதே என்றாயே, அதற்காகச் சொல்கிறேன்.

நாலாவது பாட்டில், கடைசி ஸ்வரம் மெல்லத் தேய்ந்து அடங்கிய பிறகு, நீ மூச்சு விடுவது கேட்கிறது. உனக்கு அது கேட்டிருக்காது. பெரிய ஆம்ப்ளிஃபயராக இருந்திருந்தால் அதன் இரைச்சல் இதை விழுங்கியிருக்கும். ஒலிப்பதிவுக்காரர் அதை வெட்டிவிடலாமா என்று கேட்பார். கூடாது என்று சொல்லிவிடு. அண்ணா, நான் அந்த இடத்தைத்தான் மறுபடி மறுபடி கேட்டேன்.

தங்கை